கிழப் பசுக்களும் பழைய கார்களும்

கட உபநிஷதம் ஒரு தானக் காட்சியோடு தொடங்குகிறது. வாஜசிரவஸ் என்பவர் விசுவஜித் என்னும் வேள்வியைச் செய்கிறார். தமக்குரிய அனைத்தையும் கொடுத்துவிட வேண்டிய வேள்வி அது. தட்சிணைக்கான பசுக்கள் ஓட்டி வரப்படுகின்றன. அருகில் நிற்கும் அவருடைய மகன் நசிகேதஸ் அந்தப் பசுக்களைப் பார்க்கிறான். தண்ணீர் குடிப்பது, புல் மேய்வது, பால் கொடுப்பது ஆகிய எல்லாவற்றையும் முடித்துவிட்ட பசுக்கள் அவை. இனிக் கன்று ஈனவும் மாட்டா. பெறுபவருக்கு அவற்றால் பயன் இல்லை. கொடுப்பவருக்கோ பராமரிக்கும் தொல்லை விட்டது. இதைக் கண்ட கணத்தில் அந்தச் சிறுவனுக்குள் சிரத்தை புகுந்தது என்கிறது உபநிஷதம்.

'சிரத்தை' என்ற சொல்லை 'நம்பிக்கை' என்று பெயர்த்தால் பாதிப் பொருள் நழுவிவிடுகிறது. சுவாமி விவேகானந்தரும் தமது சொற்பொழிவில் இச்சொல்லை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தயங்கினார். சாஸ்திரம் சொல்வது மெய் என்று ஏற்றுக்கொள்வதோடு சிரத்தை நின்றுவிடுவதில்லை. மெய் என்று ஏற்றதை வாழ்க்கையில் ஏமாற்றாமல் செய்ய வேண்டும் என்ற உள்ளத் துடிப்பும் அதில் அடங்கும். தந்தைக்கு வேள்வியின் விதிகள் தெரியும். மகனுக்கு அவற்றின் உயிர் தெரிந்தது. ஆகவேதான், 'என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?' என்று அவன் மும்முறை கேட்டான். சினந்த தந்தை அவனை எமனுக்குக் கொடுத்தார்.

அன்பர்கள் பலமுறை கேட்ட வரலாறுதான் இது. இக்காலத்துத் தானம் ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால் இதன் கூர்மை இன்னும் நன்றாக விளங்கும்.

2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 'மங்கோல் ராலி' என்ற பெயரில் ஒரு வினோதமான கார்ப் பயணம் தொடங்கியது. ஐரோப்பாவிலிருந்து மங்கோலியா வரை ஏறக்குறைய 16,000 கிலோமீட்டர் தூரத்தைப் பழைய சிறு கார்களில் கடக்க வேண்டும். இயந்திரத்தின் கொள்ளளவு ஒரு லிட்டர் அளவிலேயே இருக்க வேண்டும் என்பது முக்கியமான விதி. நம் நாட்டு மாருதி 800 காரின் இயந்திரம் 796 கன சென்டிமீட்டர். ஏறத்தாழ அந்த இனத்தைச் சேர்ந்த வண்டிகள். வகுத்துத் தரப்பட்ட பாதை கிடையாது. பின்தொடர்ந்து வரும் உதவி வண்டி கிடையாது. முதலில் சென்று சேர்பவருக்குப் பரிசும் கிடையாது. முதல் ஆண்டில் ஆறு கார்கள் புறப்பட்டு நான்கு சென்று சேர்ந்தன. பின்னர் ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் நூற்றுக்கணக்கான குழுக்கள் புறப்படலாயின.

ஒவ்வொரு குழுவும் குறைந்தது 1,000 பவுண்டு திரட்டி அறப்பணிக்கு வழங்க வேண்டும் என்பது நிபந்தனை. பின்னாளில் அதில் பாதித் தொகை, மழைக்காடுகளைக் காக்கும் 'கூல் எர்த்' அமைப்புக்கு அளிக்கப்பட்டது. எஞ்சியதைத் தாம் விரும்பும் தொண்டு நிறுவனத்திற்குக் கொடுக்கலாம். ஆரம்ப ஆண்டுகளில், மங்கோலியா சென்று சேர்ந்த கார்களும் அங்கேயே அறப்பணிக்காக ஏலத்தில் விடப்பட்டன.

இதைக் கேட்டதும் நசிகேதஸின் கண்கள் நம் முகத்திலும் விழித்துக்கொள்கின்றன. தம் நாட்டில் விலைபோகாத வண்டி. பாதி உலகத்தைச் சுற்றிக் குலுங்கித் தேய்ந்த வண்டி. மங்கோலியச் சாலைகளில் ஓடுபவையோ பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள். அங்கே இந்த ஐரோப்பியச் சிறு காருக்கு உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும்? பால் வற்றிய பசு மீண்டும் ஒருமுறை வேள்விச் சாலைக்கு ஓட்டி வரப்படுகிறதோ? நாளடைவில் இந்த வழக்கமும் மாறியது. காரைத் திரும்பக் கொண்டுசெல்ல வேண்டும் என்ற நிலை வந்தது; பயணத்தின் முடிவிடமும் மங்கோலிய எல்லைக்கு வடக்கே ரஷ்யாவிலுள்ள உலான் உதே நகருக்கு மாற்றப்பட்டது.

இன்னொரு கேள்வியும் உண்டு. இது சற்றுக் கடினமானது. பெட்ரோலுக்கும் விசாவுக்கும் கப்பல் கூலிக்கும் செலவிடும் பணத்தை அப்படியே ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாமே? இன்பப் பயணம் ஒன்றுக்குத் தருமத்தின் மேலாடையைப் போர்த்துவது ஏன்?

இக்கேள்வியைக் கேட்பது எளிது. அதைத் தன் பக்கம் திருப்பிக் கேட்பதுதான் அரிது. கோயில் விளக்கின் கண்ணாடியில் நன்கொடையாளர் பெயரைப் பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லையா? வீட்டில் இடத்தை அடைக்கும் கிழிந்த துணிகளை வெள்ள நிவாரணத்திற்கு அனுப்பிவிட்டு, அலமாரி காலியானதற்கும் புண்ணியம் சேர்ந்ததற்கும் ஒருங்கே மகிழ்ந்ததில்லையா? கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. கைம்மாறு கருதியோ பயனை எதிர்பார்த்தோ மன வருத்தத்துடனோ கொடுப்பது ராஜஸம். இந்தக் கார்ப் பயணிகளின் தானமும் பெரும்பாலும் அந்த வகையே. உற்சாகம், பெயர், நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளும் பெருமை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன.

ஆனால் ராஜஸத்தை இகழ்ந்துவிட்டுச் சோம்பலில் அமர்ந்திருப்பது சத்துவம் ஆகாது. படுத்திருப்பவனைவிட ஓடுகிறவன் மேல். வாஜசிரவஸின் குறைபட்ட வேள்வியிலிருந்துதானே நமக்கு ஒரு முழு உபநிஷதமும் கிடைத்தது! எனவே, புறப்பட்டவர்களின் நோக்கத்தைத் தராசில் நிறுப்பதோடு நின்றுவிடாமல், பாதை அவர்களை என்ன செய்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

ஏற்றம்

இந்தப் பயணிகளில் பலர் தேர்ந்தெடுத்த வழி பாமீர் நெடுஞ்சாலை. தஜிகிஸ்தானின் தலைநகர் துஷான்பேயிலிருந்து கோரோக், முர்காப் ஆகிய ஊர்களின் வழியாகக் கிர்கிஸ்தானின் ஓஷ் நகருக்குச் செல்லும் மலைப்பாதை அது. கோரோக்கிற்கும் ஓஷ் நகருக்கும் இடைப்பட்ட பகுதி 1930-களில் சோவியத் ஆட்சியில் அமைக்கப்பட்டது. கோரோக்கை அடையும் முன் சாலை நெடுந்தூரம் பஞ்ச் ஆற்றை ஒட்டியே செல்கிறது. ஆற்றின் மறுகரை ஆப்கானிஸ்தான். கோரோக்கைத் தாண்டினால் மரங்கள் மறைகின்றன. சாலை நாலாயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறது. முர்காப் என்னும் சிற்றூரே சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு அப்பால் அக்பைதால் கணவாய். உயரம் 4,655 மீட்டர். இடையில் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். கல், மணல், காற்று.

இப்படிப்பட்ட பாதையில் கார்புரேட்டர் உள்ள ஒரு பழைய சிறு காரில் இரு இளைஞர்கள் செல்வதாக வைத்துக்கொள்வோம். இது குறிப்பிட்ட எந்தக் குழுவின் வரலாறும் அன்று. அவ்வழியே சென்ற பலருக்கும் பொதுவாக நேரக்கூடியதை இருவர் மேல் ஏற்றிச் சொல்வதே.

அவர்கள் மலைக்கு வந்து சேரும் முன்னரே, ஜூலை மாத வெயிலில், கார் அவர்களுக்கு ஒரு பாடம் கற்பித்துவிடுகிறது. ஏற்றத்தில் இயந்திரம் கொதிக்கத் தொடங்குகிறது. வெப்பமானியின் முள் சிவப்பைத் தொடுகிறது. அனுபவசாலிகள் அப்போது ஒரு காரியம் செய்வார்கள். குளிர்காலத்தில் காருக்குள் வெப்பம் தரும் ஹீட்டரை முழு வேகத்தில் திறந்துவிடுவார்கள். இயந்திரத்தைச் சுற்றிவரும் கொதிநீர் அந்தக் குழாய் வழியாகவும் ஓடித் தன் சூட்டைக் காருக்குள் கொட்டுகிறது. இயந்திரம் தணிகிறது, உள்ளே இருப்பவர்கள் வேகிறார்கள். வெளியே நாற்பது டிகிரி வெயில். உள்ளே அதற்கும் மேல். வண்டியின் சூட்டைத் தாங்கள் வாங்கிக்கொண்டால்தான் வண்டி மலை ஏறும். பிறர் சுமையை ஏற்பதே தவம் என்று பெரியோர் கூறுவதை அந்த இளைஞர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு மணி நேரம் அதைச் செய்துவிட்டார்கள்.

பிறகு பாமீர். அக்பைதாலின் உயரத்தில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியைவிடச் சற்றே அதிகம். காற்றில் பிராணவாயுவின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் வந்து சேரும் காற்றே குறைவு. மனிதனுக்கு மூச்சு வாங்குகிறது, தலை வலிக்கிறது. காருக்கும் அதே கதிதான். கார்புரேட்டரோ தாழ்நிலத்தில் பழகிய அளவிலேயே பெட்ரோலைக் கலந்துகொண்டிருக்கிறது. காற்றுக் குறைந்தும் எரிபொருள் குறையவில்லை. எரியாத பெட்ரோல் கரும்புகையாக வெளியேறுகிறது, இயந்திரம் திணறுகிறது. லடாக்கின் கணவாய்களில் வாகனம் ஓட்டிச் சென்ற அன்பர்களுக்கு இந்த அனுபவம் இருக்கலாம்.

நசிகேதஸிடம் எமதர்மன் கூறும் தேர் உவமை இங்கே நினைவுக்கு வரும். உடல் தேர், ஆன்மா தேரின் தலைவன், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள், புலன்களுக்குரிய விஷயங்கள் அவை ஓடும் பாதைகள். இந்த உவமைக்கு முன் நடந்த ஒன்றை நாம் கவனிப்பதில்லை. எமன் அந்தச் சிறுவனுக்குத் தேர்களையும் குதிரைகளையும் யானைகளையும் பொன்னையும் நீண்ட ஆயுளையும் கொடுக்க முன்வந்தான். 'அவை உம்மிடமே இருக்கட்டும்' என்று நசிகேதஸ் மறுத்துவிட்டான். பொருளாக வந்தபோது அவன் வேண்டாம் என்று தள்ளிய தேர், சற்று நேரத்திற்குப் பின் ஞானமாக அவனிடமே திரும்பி வந்தது. ஏறிச் சுகிக்க விரும்பாதவனுக்கே தேரின் தத்துவம் சொல்லப்பட்டது.

புதிய காரில் செல்பவருக்குக் கார் ஒரு தனிப்பொருளாகவே தோன்றுவதில்லை. அது ஓசையின்றி ஓடுகிறது, குலுங்காமல் செல்கிறது. நலமாக இருக்கும் உடலும் அப்படியே. அதை நாம் உணர்வதேயில்லை. பழைய காரோ ஒவ்வோர் உறுப்பையும் ஒலித்துக் காட்டுகிறது. இந்தச் சத்தம் சக்கரத்தினுடையது, அந்த அதிர்வு கியர்ப்பெட்டியினுடையது என்று ஓட்டுநர் பிரித்தறியக் கற்கிறார். வேதாந்தம் கூறும் விவேகமும் இவ்வாறு பிரித்தறிவதில்தான் தொடங்குகிறது.

ஆனால் அதே ஓட்டுநர், வண்டி நின்றதும், 'நான் பாதி வழியில் நின்றுவிட்டேன்' என்கிறார். நின்றது வண்டி, அவர் கதவைத் திறந்து நடந்து போகலாம். வண்டியின் தன்மையைத் தன்மேல் ஏற்றிக்கொண்டுவிட்டார். சங்கரர் பிரம்மசூத்திர பாஷ்யத்தின் முகப்பிலேயே விளக்கும் அத்யாசம் என்பது இதுவே. 'நான் பருமன், நான் இளைத்தவன், நான் நோயாளி' என்று நாம் பேசுவதெல்லாம் இப்படி இடம் மாறி வந்த பேச்சுகள்தாம். அத்யாசத்தை வகுப்பறையில் புரிந்துகொள்ள ஓராண்டு ஆகலாம். நாலாயிரம் மீட்டர் உயரத்தில், இருமிக்கொண்டு நிற்கும் காரின் அருகில், அது சற்று விரைவாக விளங்கக்கூடும்.

இறக்கம்

மலைப்பாதையில் ஏறுவதுதான் கடினம் என்று அனுபவமற்றவர்கள் நினைக்கிறார்கள். ஏற்றத்தில் கார் நின்றுபோகும், அவ்வளவுதான். இறக்கத்தில்தான் உயிர் போகிறது.

இறங்கும்போது வண்டிக்கு இயந்திரத்தின் ஆற்றல் தேவையில்லை. பூமியே இழுக்கிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். வேகம் குறைகிறது, அந்த வேகம் எங்கே போயிற்று? பிரேக்கின் தகடுகளில் வெப்பமாகச் சேர்ந்துவிட்டது. மீண்டும் மிதிக்கிறார், மேலும் வெப்பம். பழைய வண்டியின் பிரேக் எண்ணெய், ஆண்டுக்கணக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவைத்திருக்கும். சூடு மிகும்போது அந்த ஈரம் கொதித்துக் குமிழிகள் உண்டாகின்றன. எண்ணெயை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். அடுத்த முறை மிதிக்கும்போது கட்டை தரைவரை அமிழ்கிறது, வண்டி நிற்பதில்லை. அதுவரை ஓர் எச்சரிக்கையும் இராது. முந்தைய வளைவு வரை எல்லாம் சரியாகவே இருந்தது.

எனவேதான் நம் நாட்டு மலைப்பாதை ஓட்டுநர்கள், எந்தக் கியரில் ஏறுகிறார்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று இளையவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். சிறிய கியரில் இறங்கினால் இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. வேகம் பிறந்த பின் அதை அடக்குவதில்லை. வேகம் பிறக்கவே விடுவதில்லை. பிரேக் அவசரத்திற்கு மட்டும்.

புலனடக்கத்தைப் பற்றிய பெரும்பாலான தோல்விகளுக்கு இங்கே விடை இருக்கிறது. கோபம் வந்த பின் பல்லைக் கடித்து அடக்குகிறோம். ஆசை எழுந்த பின் மனத்தோடு மல்லுக்கட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் வெற்றிதான். ஆனால் ஒவ்வொரு வெற்றியும் உள்ளே சூட்டைச் சேர்த்துவைக்கிறது. பத்து முறை தாங்கிய மனிதர் பதினோராவது முறை, ஓர் அற்பக் காரணத்திற்காக, வீட்டாரே திகைக்கும்படி வெடித்துவிடுகிறார். 'இத்தனை ஆண்டு ஜபம் செய்தும் இப்படியா?' என்று பிறகு தாமே அழுகிறார். ஜபத்தில் குறையில்லை, அவர் ஜபத்தைப் பிரேக்காக மட்டும் பயன்படுத்தினார். கியராகப் பயன்படுத்தவில்லை. நாள் தொடங்கும்போதே அமைத்துக்கொள்ளும் மிதமான வேகம், அளவான பேச்சு, அளவான உணவு, எண்ணிக்கை குறைந்த தேவைகள் ஆகியவையே சிறிய கியர். உபநிஷதமும், கடிவாளத்தை இழுத்துப் போராடும் சாரதியைப் புகழவில்லை. எப்போதும் ஒருமுகப்பட்ட மனமுடையவனின் புலன்கள், நன்கு பழகிய குதிரைகளைப் போல் வசப்பட்டிருக்கும் என்றே கூறுகிறது. பழக்குவது மலைக்கு வருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

ஞானியர் இந்தப் பாதையைக் கத்தியின் கூர்முனை போன்றது, கடத்தற்கரியது என்று கூறுவதும் கட உபநிஷதத்தின் இந்த வல்லியில்தான். அதைக் கேட்டு அஞ்சத் தேவையில்லை. அந்த இளைஞர்களின் கார், மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் முதல் கியரில் முனகிக்கொண்டே எத்தனையோ வளைவுகளைக் கடந்துவிட்டது.

விருந்தினன்

முர்காப்பிற்கு இன்னும் சில மணி நேரப் பயணம் இருக்கும்போது கார் நின்றுவிடுகிறது. தெறித்த கல் ஒன்று பெட்ரோல் தொட்டியைத் துளைத்துவிட்டது. பொழுது சாய்கிறது. கோடைக்காலத்திலும் அங்கே இரவு உறைபனி விழும். தொலைபேசி வேலை செய்யவில்லை. அவர்களிடம் பணம் இருக்கிறது. பணத்தை வாங்கிக்கொள்ள மனிதர் இல்லை. அறப்பணிக்காக ஆயிரம் பவுண்டு திரட்டியவர்கள் இப்போது சாலையோரத்தில் கையை உயர்த்தி நிற்கிறார்கள்.

ஒரு லாரி வருகிறது; நிற்கிறது. அத்தகைய இடங்களில் நிற்காமல் போவது வழக்கமில்லை. இன்று கடந்து போனவன் நாளை அதே இடத்தில் நிற்க நேரலாம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். லாரி ஓட்டுநர் தரையில் படுத்துப் பார்க்கிறார். துணி துவைக்கும் சோப்பை நீரில் பிசைந்து துளையில் அடைக்கிறார். நம் ஊர் லாரி ஓட்டுநர்களும் அறிந்த உபாயம் இது. தம்மிடமிருந்த பெட்ரோலையும் கொஞ்சம் ஊற்றிவிட்டு, தொலைவில் தெரியும் ஒரு வீட்டைக் காட்டுகிறார்.

அந்த வீட்டில் அவர்களை யாரென்று கேட்கவில்லை. தரையில் விரிப்பை விரித்து ரொட்டியை வைக்கிறார்கள். ரொட்டியைத் தலைகீழாக வைக்கக்கூடாது என்பது மத்திய ஆசிய மக்களின் மரபு, அன்னத்தை அவமதிப்பதாகும். பிறகு 'ஷீர் சாய்' என்னும் பால் தேநீர் வருகிறது. சர்க்கரைக்குப் பதில் உப்பும் வெண்ணெயும் சேர்த்தது. ரொட்டியை அதில் பிய்த்துப் போட்டு உண்பார்கள்.

அந்தத் தேநீரைக் காய்ச்ச எரித்த விறகைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். கிழக்குப் பாமீரில் மரங்கள் இல்லை. சோவியத் காலத்தில் நிலக்கரி வெளியிலிருந்து வந்தது. 1991-இல் அந்த ஆட்சி கலைந்த பின் அந்த வரத்து நின்றது. மக்கள் காய்ந்த சாணத்தையும், 'தெரெஸ்கென்' என்னும் குட்டைச் செடியையும் எரிபொருளாகக் கொண்டார்கள். அந்தச் செடி மிக மெதுவாக வளர்வது. வேரோடு பிடுங்கினால்தான் எரிக்கத்தக்க கட்டை கிடைக்கும். ஆண்டுக்கு ஆண்டு அதைத் தேடி மேலும் தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுடைய ஆடுகளுக்கும் யாக்குகளுக்கும் அதுவே தீவனம். ஆகவே, முன்பின் அறியாத இருவருக்காகக் கொதித்த அந்தக் கெட்டிலில், ஒரு நாள் நடையும், பல ஆண்டு வளர்ச்சியும், மந்தையின் குளிர்கால உணவில் ஒரு பங்கும் எரிந்தன.

காலையில் இளைஞர்கள் பணத்தை நீட்டுகிறார்கள். வீட்டுக்காரர் தம் மார்பில் கை வைத்து, தலையை அசைத்து மறுத்துவிடுகிறார்.

யுதிஷ்டிரரின் அசுவமேத யாகத்திற்கு வந்த, பாதி உடல் பொன்னான கீரியின் கதையைச் சுவாமி விவேகானந்தர் 'கர்மயோகம்' நூலில் எடுத்துக் கூறியிருக்கிறார். பஞ்சத்தில் தங்களிடமிருந்த மாவு முழுவதையும் விருந்தினருக்குக் கொடுத்துவிட்டு உயிர்நீத்த ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டுத் தரையில் புரண்டதால் அதன் பாதி உடல் பொன்னாயிற்று. மறுபாதியையும் பொன்னாக்க நாடெங்கும் யாகசாலைகளில் அது புரண்டு பார்த்தது. பேரரசனின் யாகமும் அதற்கு உதவவில்லை. ஆயிரம் பவுண்டும் ஒரு கெட்டில் தேநீரும் அருகருகே வைக்கப்பட்டால் அந்தக் கீரி எங்கே சென்று புரளும் என்று கேட்கவே வேண்டியதில்லை.

ஆனால் அந்த இளைஞர்களின் நிலையில் அதைவிட நுட்பமான ஒன்று நிகழ்கிறது. கொடுக்கப் பழகியவனுக்குப் பெறுவது மிகக் கடினம். பெறும்போது கை தாழ்கிறது. மனம் உடனே ஒரு விலையைத் தேடுகிறது. பணத்தை நீட்டுவது நன்றியினால் மட்டும் அன்று. கடன்பட்டவனாக நிற்கப் பொறுக்காமலும்தான். வீட்டுக்காரர் மறுக்கிறார். இனி அந்தக் கடனைத் தீர்க்க வழியே இல்லை. அந்த இளைஞன் முதல்முறையாக, எதற்கும் ஈடு செலுத்தாமல், வெறும் மனிதனாக, விருந்தினனாக ஒரு வாசலில் நிற்கிறான்.

நசிகேதஸும் அப்படித்தான் நின்றான். எமனுடைய வாசலில், எமன் வீட்டில் இல்லாத மூன்று இரவுகள், உணவின்றிக் காத்திருந்தான். திரும்பி வந்த எமன் பதறிப்போனான். உபசரிக்கப்படாத விருந்தினன் வீட்டில் புகுந்த நெருப்பைப் போன்றவன் என்று எமனுக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. அதற்கு ஈடாகவே மூன்று வரங்கள் அளிக்கப்பட்டன. எமனே அஞ்சிய விருந்தோம்பல் தவறு, அந்த யாக் மேய்ப்பவரின் வீட்டில் நிகழவில்லை.

தட்சிணேசுவரத்தில் 1884-ஆம் ஆண்டில் ஒருநாள், ஜீவன்களிடம் இரக்கம் காட்டுவதைப் பற்றிய பேச்சு வந்தபோது, இரக்கம் காட்ட மனிதன் யார், ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவை செய்வதே தகும் என்ற கருத்தை ஸ்ரீராமகிருஷ்ணர் பரவச நிலையில் வெளியிட்டார். அங்கிருந்த நரேந்திரர் அதில் ஒரு பேரொளியைக் கண்டார். இரக்கத்திற்கு ஒரு மேடு தேவைப்படுகிறது. மேலே நிற்பவன் கீழே கொடுக்கிறான். சேவைக்கு மேடு இல்லை. அதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். மேலே நிற்பதாக எண்ணிவந்தவனை ஓர் ஓட்டைத் தொட்டி சமதரைக்கு இறக்கிவிடுவதும் உண்டு.

எல்லாப் பயணிகளும் இப்படி மாறிவிடுவதில்லை. அந்த வீட்டைப் படம் பிடித்து, ஏழ்மையின் அழகைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு, வந்தபடியே திரும்புபவர்களும் உண்டு. தீர்த்த யாத்திரை போய்வந்தும் பழைய சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவர்களை நாம் அறியோமா? மலை தன் வேலையைச் செய்கிறது. சிரத்தை உள்ளே புகுவதற்குக் கதவு திறந்திருக்க வேண்டும். நசிகேதஸ் கண்ட அதே பசுக்களை வேள்விச் சாலையில் இருந்த அத்தனை பேரும்தான் பார்த்தார்கள்.

எமனிடம் நசிகேதஸ் கேட்ட முதல் வரம் ஆன்ம ஞானம் அன்று. தந்தையின் கோபம் தணிய வேண்டும், தாம் திரும்பிச் செல்லும்போது அவர் தம்மை அடையாளம் கண்டு அன்போடு வரவேற்க வேண்டும் என்பதே. கிழப் பசுக்களைக் கொடுத்த தந்தையை அவன் இகழவில்லை, கடைத்தேற்றவே விரும்பினான்.

அக்பைதாலைக் கடந்து, நீலமாக விரிந்து கிடக்கும் காராகுல் ஏரியையும் தாண்டி, கிசில் ஆர்ட் கணவாயிலிருந்து கார் கிர்கிஸ்தானை நோக்கி இறங்குகிறது. எதிரே அலாய் சமவெளி. பின்னால் 7,134 மீட்டர் உயரமுள்ள லெனின் சிகரத்தின் பனி. சோப்பு அடைத்த தொட்டி இன்னும் கசியவில்லை. ஓட்டுபவன் இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்கு மாற்றுகிறான். மற்றவன் மடியில், வேண்டாம் என்று சொல்லியும் அந்த வீட்டுப் பெண்மணி ஜன்னல் வழியாகத் துணியில் சுற்றித் திணித்த இரண்டு ரொட்டிகள் இருக்கின்றன. அடுத்த வளைவில், மூடியைத் திறந்து வைத்த ஒரு பழைய காரின் அருகில் ஒரு குடும்பம் நிற்கிறது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு அவன் ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குகிறான்.